கேலியா, ஏளனமா?



"சும்மா கலாய்ச்சேன்டா, சீரியஸா எடுத்துக்காத." எல்லா குரூப்லயும் ஓடுற வசனம் இது. சொன்னவருக்குக் கேலியாத் தெரியறது, கேட்டவருக்கு ஏன் ஏளனமாப் படுது?

நம்ம மொழியில் இதுக்கு எத்தனை சொற்கள் பாருங்க. ஒவ்வொன்றுக்கும் சூடு வேற.

🔸 கேலி: விளையாட்டு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. மாமன் மச்சான் நடுவே நடப்பது. பதிலுக்கு அவரும் நம்மைச் செய்யலாம்.

🔸 கிண்டல்: கிண்டுவது என்றால் கிளறுவது. ஒருத்தர் மறைக்க நினைப்பதை அடியிலிருந்து கிளறி மேலே கொண்டுவருவது. வலி இங்கேயே ஆரம்பிக்குது.

🔸 நக்கல்: வார்த்தையில் மரியாதை இருக்கும், குத்து குரலில் இருக்கும். "வாங்க சார், இப்பதான் விடிஞ்சுதா?"

🔸 ஏளனம்: இதில் விளையாட்டே இல்லை. "நீ எனக்குக் கீழே" என்ற எண்ணம் மட்டும்தான்.

சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலையும் ஒன்றாகச் சொல்கிறது தொல்காப்பியம். ஆக, கேலி மனுஷ இயல்புதான். ஆனா வள்ளுவர் எல்லை போடுகிறார். உருவத்தைப் பார்த்து எள்ளாதே, ஓடும் பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உண்டு என்கிறார். பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டுக்குக்கூட இகழ்ச்சி துன்பம்தான் என்கிறார். ஒருத்தரோட நிறத்தையோ திக்குவாயையோ சொல்லிச் சிரிச்சிட்டு "சும்மாதான்" என்றால், அந்தச் சாக்கு அங்கே செல்லாது. அதுக்கு நாம போடுற சிரிப்பு எமோஜியும் சேர்த்துத்தான்.

சரி, வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நம்ம முருகன் கதையிலேயே ரெண்டும் இருக்கு.

நாவல் மரத்தின் மேலே இருந்து, மண் ஒட்டிய பழத்தை ஊதிய ஔவையிடம், "பாட்டி, பழம் சுடுதா?" என்று கேட்டான் முருகன். அது கேலி. ஆனா மேலேயே உட்கார்ந்து சிரிச்சிட்டு இருக்கல. இறங்கி வந்தான், தன்னைக் காட்டினான். ஔவை அதில் சிறுத்துப் போகல, தெளிவு பெற்றார்.

சூரபத்மனோ அதே முருகனைப் "பாலன்தானே" என்று இகழ்ந்தான். அது ஏளனம். நடுவில் ஒரு கணம் இறங்கி வந்தாலும், அது நிலைக்கவே இல்லை.

கேலி செய்த பிறகு அவர் பக்கத்தில் போய், அவர் முகம் பார்த்து நிற்க முடியுதா? அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா? அப்படின்னா அது கேலி. அவர் சிரிக்கலைன்னா, நாம என்ன பேர் வெச்சாலும் அது ஏளனம்தான்.

இன்னொன்றும் யோசிங்க. தன்னை ஏளனம் செய்தவனை முருகன் திருப்பி ஏளனம் செய்யவில்லை. மயிலாக்கி, சேவலாக்கி, தன்னோடவே வெச்சுக்கிட்டான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏