பாதிப் பாதி நியாயமா?

மணமுறிவு வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தை யாரிடம் இருப்பது? மாதத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிடலாம் என்பது பலருக்கும் நியாயமாகத் தோன்றும். திருவனந்தபுரத்தில் வாழும் ஒரு தாய்க்கும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தந்தைக்கும் இடையே நடந்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது. எட்டு வயது மகளும் மூன்று வயது மகனும் மாதத்தில் 15 நாள் தந்தையோடு இருக்கவேண்டும். அதற்காகத் தந்தை திருவனந்தபுரத்தில் வாடகை வீடு எடுத்தார். 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. நீதிபதிகள் மகளிடம் நேரில் பேசினார்கள். தந்தையோடு இருந்த நாட்களில் வீட்டுச் சாப்பாடு ஒருவேளைகூட இல்லை, அப்பாவைத் தவிர வேறு துணையும் இல்லை என்று தெரிந்தது. அத்தீர்ப்பே அறத்துக்கு உகந்தது.

ஓட்டல் சாப்பாடு ஒரு காரணமா என்று கேட்கத் தோன்றும். நம் முன்னோர் மக்கட்பேற்றைச் சோற்றோடு சேர்த்தே எண்ணினார்கள். பிள்ளையின் சிறுகை அளாவிய கூழை அமுதத்துக்கும் மேலாக வைத்தார் வள்ளுவர். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறும் குழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்று புறநானூற்றில் பாடியவன் அரசனாகிய பாண்டியன் அறிவுடைநம்பி. உலை வைப்பவர், பள்ளிவிட்டு வந்தால் கதை கேட்பவர், தம்பியோடு சண்டை பிடித்தால் விலக்குபவர் என்று பலர் சேர்ந்துதான் குழந்தைக்கு வீடு ஆகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை மாதத்துக்கு இருமுறை அந்த வட்டத்திலிருந்து பெயர்ப்பது பெற்றோருக்குச் சமநீதியாக இருக்கலாம். பிள்ளைக்கு அது அலைச்சல். நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைச் சான்று காட்டினார் வள்ளுவர். அந்தக் கோலில் வைக்கவேண்டியது பிள்ளையின் நலம். தாய் தந்தையரின் பங்கு அன்று.

தந்தையின் அன்பு பொய்யன்று. மகளுக்காகக் கடல் கடந்து வந்து போனவர் அவர். அந்த அன்புக்கும் நீதிமன்றம் வழிவிட்டது: ஒன்றுவிட்ட வார இறுதிகளில் மகள் அவரோடு இருக்கலாம், மகனை மேற்பார்வையோடு சந்திக்கலாம், வாரம் இருநாள் காணொளியில் பேசலாம். மற்ற நாட்களில் பிள்ளைகள் தாயிடம் இருப்பதை, தாய் என்பதால் கிடைத்த சலுகை என்று சொல்வது தவறு. வேரூன்றிய வீடு தந்தையுடையதாக இருந்தால் இதே வாதம் அவர் பக்கம் நிற்கும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் தந்தை அந்நியராகிவிடுவாரே என்பது வலுவான ஆட்சேபம்தான். தாமதத்துக்கு மருந்து விரைந்த விசாரணை. பெரியவர்களின் தாமதத்துக்குப் பிள்ளை பெட்டி சுமக்கக்கூடாது.

குழந்தைகள் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்சநீதிமன்றம் ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், சங்க காலத்தில், பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவனிடம் போய் நின்றார் புலவர் கோவூர்கிழார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தை மருண்டு பார்க்கும் சிறுவர்களைப் பார் என்றார். பெரியவர்களின் பகையை அவர் தீர்க்க முயலவில்லை. பிள்ளைகளை அதிலிருந்து வெளியே எடுத்தார். 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்காலப் பொறுப்புக் கேட்டு வரும் எவரும், எனக்கு எத்தனை நாள் என்பதற்கு முன், அந்த நாட்களில் பிள்ளைக்கு யார் சமைப்பார், யார் துணையிருப்பார், பள்ளி எவ்வளவு தூரம் என்பதை மனுவில் எழுதட்டும். எழுத முடியாதவர் இப்போதைக்கு வார இறுதிச் சந்திப்போடு நிற்கவேண்டும்.