முறையீடு இரத்தல் ஆகுமா?

கேட்டல் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. பிறர் பொருளைத் தாருங்கள் என்று கேட்பது ஒன்று. நமக்குரிய பொருள் ஏன் வரவில்லை என்று கேட்பது மற்றொன்று. முன்னதன் பெயர் இரத்தல். பின்னதன் பெயர் முறையீடு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், இரத்தலுக்கு அஞ்சும் மானமுள்ளவர்கள் முறையீட்டையும் கைவிட்டு விடுகிறார்கள். அவ்வாறு கைவிடுவது சரிதானா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

நம்மவர்கள் இந்நாட்டுக்குக் கையேந்தி வந்தவர்கள் அல்லர். கப்பலேறி வந்து, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஜவுளியும், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையும், கிள்ளானில் மளிகையும் நடத்தித் தம் உழைப்பால் நிமிர்ந்தவர்கள். கொடுக்கும் கைக்கே மேன்மை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நம் இரத்தத்தில் ஊறியது. ஆகவேதான், குடும்பத் தலைவர் மௌத்தான பிறகு, “உங்கள் மனு ஏற்கப்படவில்லை” என்று சர்க்கார் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், “போகட்டும், அல்லாஹ் தருவான்” என்று சொல்லி அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. அச்சொல்லில் ஈமான் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தோடு மடித்து வைக்கப்படுவது யாருடைய சோறு என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில், மறுக்கப்பட்ட பொருள் எத்தகையது என்று பார்ப்போம். சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனம், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் தோன்றியது. அதன் நிதி யாரோ ஒரு தனவந்தர் இட்ட தருமம் அன்று. மாதந்தோறும் முதலாளியும் தொழிலாளியும் கட்டிய சந்தா அது. தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால், அவருக்குரிய தின விகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் என்று சட்டம் வகுத்திருக்கிறது. வாரிசுரிமைக் கணக்கில் பங்கு பிரித்துப் பழகிய நமக்கு இது விளங்காத கணக்கன்று. இறந்தவரின் உழைப்பின் பேரில் கட்டப்பட்ட சந்தாவால் சேர்ந்த ஹக்கு அது. கடன் கொடுத்தவன் கடனைக் கேட்பது பிச்சையாகாது என்றால், இதைக் கேட்பதும் பிச்சையாகாது.

சந்தா கட்டாமல் பொது நிதியிலிருந்து வரும் உதவி என்றால் என்ன சொல்வது? 2023 முதல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்ற பெயரில் வழங்கப்படும் உதவி அத்தகையது. குடும்ப வருமானத்தையும் பிள்ளைகளின் தொகையையும் பார்த்து அது அளக்கப்படுகிறது. மனு தள்ளப்பட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் நமக்கு முன்மாதிரி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு மானியம் வகுத்தபோது, பால்குடி மறந்த பிள்ளைக்கே அது உரியது என்று முதலில் தீர்மானித்திருந்தார்கள். ஓரிரவு ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். மானியத்துக்காகத் தாய் அதற்கு அவசரமாகப் பால் மறக்கச் செய்வது தெரிய வந்தது. கலீஃபா கலங்கினார்கள், பிறந்த நாள் முதலே மானியம் என்று விதியை மாற்றினார்கள். இச்சரிதையை உமரின் கருணைக்கு உதாரணமாகவே நாம் கேட்டு வந்திருக்கிறோம். அதில் இன்னொரு பாடமும் உண்டு. நல்ல ஆட்சியாளரின் நல்ல எண்ணத்தில் பிறந்த விதியும் ஒரு வீட்டின் நிலையை அறியாமல் தவறிவிடக்கூடும்; அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தால்தான் அது திருந்தும். கேட்கும் இடத்தில் உமர் நின்றார்கள். ஆனால் அழுதது குழந்தை.

பெண்கள் முறையிடலாமா என்று தயங்குவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் திருமறையின் 58-ஆம் அத்தியாயத்தின் பெயரை நினைவுகூர வேண்டும். ‘அல்-முஜாதிலா’ என்றால் வாதாடிய பெண் என்பது பொருள். கணவர் சொன்ன ஒரு வார்த்தையால், பழைய வழக்கப்படி வாழ்க்கை முறிந்துபோகும் நிலையில் நின்ற பீவி கவ்லா (ரலி) அவர்கள், பெருமானாரிடமே வந்து திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். அவர்களின் முறையீட்டை அல்லாஹ் கேட்டான். அந்த வழக்கம் ஒழிந்தது. முறையிட்டதற்காக அவ்வம்மையாரை மார்க்கம் இழிவாகப் பேசவில்லை. ஓர் அத்தியாயமே அவர்களின் செயலால் பெயர் பெற்றது.

ஆகவே முறையீடு மானத்துக்கு இழுக்கன்று. இனி அதன் எல்லை எது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த எல்லை உண்மை.

ஓர் உதாரணம் சொல்வோம். பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தண்ணீர் கலக்கும் ஊழியர், நள்ளிரவுக்குப் பின் கடை அடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிள்ளானிலுள்ள வீட்டுக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் விபத்தையும் சட்டம் வேலை விபத்தாகக் கொள்கிறது; ஆனால் வழியைவிட்டு விலகிச் சென்றிருந்தால் கொள்வதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் போக வேண்டியவர் பூச்சோங்கில் விழுந்து இறந்தார் என்றால், “வழி விலகினார்” என்று மனு தள்ளப்படலாம். மனைவி மேல்முறையீடு செய்கிறாள். கடை முதலாளியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். “கடை வேலையாகத்தான் அவரை அனுப்பினேன்” என்று ஒரு பொய் சொன்னால் போதும். நான்கு பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்துவிடும். சொல்லலாமா?

இரக்கமுள்ள மனம் “சொல்” என்றே தூண்டும். ஆனால் நீதிக்குச் சாட்சியாக நிற்பதைப் பற்றிச் சொல்லும் ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 135-ஆம் வசனம், பணக்காரன் என்பதற்காகவும் ஏழை என்பதற்காகவும் சாட்சியை வளைக்கலாகாது என்று கற்பிக்கிறது. ஏழைக்காக வளைப்பதையும் தடுத்திருப்பதே அதன் நுட்பம். அந்த நிதியும் பிற விதவைகளின் நிதியே அல்லவா? இரக்கம் காட்ட வேண்டுமானால் நம் கல்லாப்பெட்டியிலிருந்து காட்டுவோம். சாட்சியிலிருந்து காட்ட வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதலாளி மெய்யாகவே அவரைக் கடைச் சாமான் கொடுத்துவரப் பூச்சோங்குக்கு அனுப்பியிருந்தார் என்று கொள்வோம். அதைச் சொன்னால் பதிவேடுகளைக் காட்டச் சொல்வார்கள். கட்டாமல் விட்ட சந்தா வெளிப்படும். அதற்கு அஞ்சி, அந்த அம்மாள் கையில் ஆயிரம் வெள்ளியைக் கொடுத்து, “இதோடு விட்டுவிடுங்கள், காரியாலயத்துக்கு நடையாய் நடக்க வேண்டாம்” என்று பரிவாகச் சொல்லி அனுப்பினால், அது என்ன? பார்ப்பவர்கள் அதை தருமம் என்பார்கள். நாம் அதை அவ்வாறு சொல்லத் துணியோம். ஸதகா எவ்வளவு கொடுத்தாலும் கடன் தீராது என்பது எந்த வணிகனும் அறிந்த விதி. ஹக்கை மறைத்து ஸதகாவைக் கொடுப்பவர், உரிமையோடு நிமிர்ந்து கேட்க வேண்டியவளைக் கையேந்த வைக்கிறார். முறையீட்டைப் பிச்சையாக்குவது கேட்பவளின் வறுமையன்று; சொல்ல வேண்டியதைச் சொல்லாதவரின் மௌனமே.

எனவே விதவையின் முறையீடு, கணவர் இறந்த பிறகு எழுதப்படும் மனுவில் தொடங்குவதில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே நம் கடைப் பேரேட்டில் தொடங்கிவிடுகிறது. வேலைக்குத் தொடர்பில்லாத நோயால் இறந்தவரின் குடும்பத்துக்கும் சொக்சோவில் பிழைத்தோர் ஓய்வூதியம் உண்டு. அதை முழு அளவில் பெறுவதற்கான வழிகளில் ஒன்று, முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டப்பட்டிருப்பது. 22 மாதம் மட்டும் பதிவாகியிருந்தால், எத்தனை பெரிய வழக்கறிஞர் வந்தாலும் விடுபட்ட இரண்டு மாதத்தைப் பேச்சினால் உண்டாக்க முடியாது. சம்பளச் சீட்டோ பெயர்ப் பதிவோ இருந்தால்தான் பேச முடியும். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி, திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்-பகரா 282 கட்டளையிடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? எழுதாத கணக்கில் எளியவனே தோற்பான்.

நிக்காஹ் பதிவும் அப்படிப்பட்டதே. ஊருக்குப் போய் மணமுடித்துத் திரும்புவோர் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 1984-இல் விதித்தது. அந்தக் காகிதம் இல்லையென்றால், உற்றார் முன்னிலையில் மஹர் பெற்று மணந்த மனைவியும், தான் மனைவி என்று நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்து நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளையும் மறக்கலாகாது. 1993 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்டு, ஒரே தடவை தொகை கொடுத்து முடிக்கும் பழைய 1952-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டனர். விபத்து நஷ்டஈட்டில் அந்நியர், உள்நாட்டார் என்ற பேதம் கூடாது என்று சொல்லும் 1925-ஆம் ஆண்டு அனைத்துலக உடன்பாட்டை இந்நாடு 1957-லேயே ஏற்றிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம் பல்லாண்டு கேட்டு வந்தது. 2019 ஜனவரியில் வேலை விபத்துத் திட்டம் மீண்டும் அவர்களுக்குத் திறக்கப்பட்டது. 2024 ஜூலையில் இயலாமைத் திட்டமும் சேர்ந்தது. பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் சட்டம் திறந்த கதவை, பெயரைப் பதியாத முதலாளி மீண்டும் சாத்திவிடலாம். அப்போது இராமநாதபுரத்துக் கிராமமொன்றில் காத்திருக்கும் தாய் யாரிடம் முறையிடுவாள்?

இறுதியாக ஒரு நடைமுறை. மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கு ஒரு தவணை இருக்கும். விதவையின் இத்தா நான்கு மாதம் பத்து நாள்; காரியாலயத் தவணை இத்தாவுக்காகக் காத்திராது. மூத்த மகனோ, மச்சானோ, கடை முதலாளியோ அந்தக் கடிதத்தை உடனே வாங்கிப் படித்து, மறுத்த காரணம் என்ன, அதற்கு எதிரான சான்று எது என்று பார்த்து, அம்மாளின் ஒப்பம் பெற்று மனுவைச் சேர்ப்பிக்க வேண்டும். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாளும் தொகையும் சரியாயிருந்தால் போதும். ஜனாஸாவைத் தோளில் சுமந்து கபர் வரை செல்லும் நம் கைகள், இந்தக் காகிதத்தையும் காரியாலயம் வரை சுமக்கட்டும். மையித்துக்குச் செய்யும் கடமை கபரடியில் முடிந்துவிடுவதில்லை. அவர் விட்டுச் சென்ற ஹக்கு அவர் பெண்டு பிள்ளைகளிடம் போய்ச் சேரும் வரை அது நம்மிடம் உள்ள அமானிதம்.