கொழுப்பு யாருடைய குற்றம்?

1996 இல் பாரிஸிலிருந்து அம்மாவுக்கு என்னுடைய படம் ஒன்று அனுப்பினேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அவ வன்னியில் இருந்த காலம். பதில் வர இரண்டு மாதம் பிடித்தது. "நல்லா உடம்பு வைச்சிருக்கிறாய் மோனை, இனி எனக்குக் கவலையில்லை" என்று எழுதியிருந்தா. அதே வாரம் இங்குள்ள ஒரு டொக்டர் தராசைப் பார்த்துவிட்டு, எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றார். ஒரே உடம்பு அம்மாவுக்கு ஆறுதலாகவும் டொக்டருக்குக் குற்றமாகவும் தெரிந்தது.

நமது மொழியும் டொக்டரின் பக்கம்தான். கொழுப்பு என்ற சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள். ஒருவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று திட்டும்போது நாம் சொல்வது அவன் வயிற்றை அல்ல, குணத்தை. அதனால் பருத்த ஒருவரைக் கண்டதும் அவருடைய குணத்தில் ஏதோ குறை இருப்பதாக எண்ணிவிடுகிறோம். "என்ன அண்ணை, காசு உடம்பில தெரியுது" என்று கலியாண வீடுகளில் பகிடி விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன்.

என் உடம்பில் தெரிந்தது காசல்ல, வேலை. அப்போது ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். பகலில் நின்றபடி ஒரு துண்டு பாண், இடையிடையே சீனி போட்ட கோப்பி. கடைசி மெட்ரோவில் அறைக்கு வந்து, ஐந்து பேருக்கு ஆக்கிய சோற்றில் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பேன். மிஞ்சியதை எறிய மனம் வராது. அம்மா இன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பா என்று நினைத்தபடி சட்டியை வழித்தவனைப் பெருந்தீனிக்காரன் என்று சொல்லலாமா?

பசி உடம்பை விட்டு இலேசில் போவதில்லை. 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். எடையில் காற்பங்கு குறைந்தது. பின்னர் உணவு தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பலரால் நிறுத்த முடியவில்லை. முன்பிருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பு அவர்களில் சேர்ந்தது. கொள்கைக்காகப் போரை மறுத்தவர்களுக்கு மனவுறுதி இல்லையென்று யார் சொல்வது? பட்டினி கிடந்து மெலிய முயல்கிற ஒவ்வொருவரின் உடம்பும் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. செலவைக் குறைக்கிறது, பசியைக் கூட்டுகிறது.

வேறு காரணங்களும் உண்டு. நித்திரைக் குறைவு பசியைக் கூட்டும். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் எடை ஏறலாம். ஸ்ரீரொயிட் மருந்துகளும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் எடையைக் கூட்டும். போரில் எல்லாவற்றையும் இழந்து வந்து அத்தகைய குளிசைகளை விழுங்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய் "வாயைக் கட்டு" என்பது வைத்தியமல்ல, அவமதிப்பு.

ஆனால் காரணங்களை அடுக்கிவிட்டால் சலரோகம் விலகிப் போகாது. தெற்காசியர்களுக்கு அது குறைந்த எடையிலேயே வருகிறது. என் தகப்பனுக்கும் இருந்தது. இந்த நிலை என் குற்றத்தால் வந்ததல்ல. ஆனாலும் இந்த உடம்பைப் பார்க்க என்னைவிட வேறு ஆள் இல்லை. குற்றமும் பொறுப்பும் ஒன்றென்று நினைக்கும்வரை நாம் ஒன்றில் வெட்கப்பட்டுப் பட்டினி கிடப்போம், அல்லது விதியென்று விட்டுவிடுவோம்.

2002 இல் வேறொரு டொக்டர், எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்பதற்கு முன் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டார். அந்த ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வையும் சொன்னார். சலரோகம் வரக்கூடிய நிலையிலிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, எடையில் 7 வீதம் குறைப்பதும் வாரத்தில் 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. அவர்களிடையே நோய் 58 வீதம் குறைவாக வந்தது. 88 கிலோவில் 7 வீதம் என்றால் ஆறு கிலோதான். வேலைக்குப் போகமுன் மரக்கறியோடும் பருப்போடும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். சோறு பாதியாயிற்று. கோப்பியில் சீனியை விட்டேன். இரண்டு மெட்ரோ நிலையங்களுக்கு முன்பே இறங்கி நடந்தேன். ஆறு கிலோ குறைய ஒரு வருடம் எடுத்தது. அறை நண்பர்கள் அளவாக ஆக்க உடன்பட்டிருக்காவிட்டால் அதுவும் நடந்திராது.

பிரெஞ்சுப் பிரஜாவுரிமை கிடைத்தபின், 2003 இல், ஏ9 பாதை திறந்திருந்தபோது ஊருக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தா. "மெலிஞ்சு போனாய். அங்க ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?" என்றபடி இரண்டாம் முறையும் பிட்டைப் போட்டா.

வேண்டாம் என்று சொல்லும் மனவுறுதி எனக்கு இருக்கவில்லை. அதை ஒரு குறையாக நான் இன்றும் நினைக்கவில்லை.