மூக்கின் அறிவு

செஞ்சியில் மதுவைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் பெண்கள்தான். அவர்களில் பெரும்பாலானோர் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும் ஆளிடமிருந்து வரும் வாடையை வைத்தே அது பிராந்தியா சாராயமா, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, இன்றைக்குச் சண்டை எதுவரை போகும் என்று சொல்லிவிடுவார்கள். என் அம்மாவுக்கும் இது கைவந்திருந்தது. வாடை லேசாக இருந்தால் அப்பாவுக்குச் சோறு போடுவார். கனமாக இருந்தால் முதலில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்.

விஸ்கி ஆலைகளில் இதே திறமைக்குச் சம்பளம் உண்டு. முகர்ந்து பார்த்தே பீப்பாய்களைத் தேர்ந்து கலப்பவரை மாஸ்டர் பிளெண்டர் என்கிறார்கள். அவருடைய மூக்கு ரசனை எனப்படுகிறது. அம்மாவின் மூக்குக்குப் பெயரே இல்லை. ஒரே அறிவு ஓரிடத்தில் கலையாகவும் இன்னோரிடத்தில் தற்காப்பாகவும் இருப்பது ஏன்? அச்சத்தில் கற்ற ஒன்றை ஒரு பெண் பிறகு இன்பத்துக்காகப் பயன்படுத்தலாமா? அப்படிச் செய்தால் அது மற்றப் பெண்களுக்குச் செய்யும் துரோகமா?

இது எனக்கு வெறும் தத்துவக் கேள்வி அல்ல. புதுச்சேரியில் ஒரு தோழியின் வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் மூன்று விஸ்கிகளை ஒப்பிட்டுச் சுவைத்திருக்கிறோம். மூன்றும் வழக்கத்துக்கு மாறான பீப்பாய்களில் ஊறியவை. வடித்தெடுக்கும்போது விஸ்கிக்கு நிறம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் மரத்தோடு கிடந்துதான் நிறமும் மணமும் பெறுகிறது. ஸ்காட்ச் என்றால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதிர்ந்த விஸ்கியைக் கடைசியில் சில காலம் வேறு மது இருந்த பீப்பாய்க்கு மாற்றிவைப்பதை ஃபினிஷிங் என்கிறார்கள். கிளென்ஃபிடிக் நிறுவனம் 2016இல் பீர் ஊறிய பீப்பாயில் இதைச் செய்தது. பெங்களூரின் அம்ருத், நாரங்கி என்ற விஸ்கிக்காக ஷெர்ரி ஒயினும் ஆரஞ்சுத் தோலும் ஊறிய பீப்பாயைப் பயன்படுத்தியது. அதே நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம், பல வகை ஓக் பலகைகளைச் சேர்த்துச் செய்த ஒரே பீப்பாயில் முதிர்ந்தது.

முதலாவதில் பச்சை ஆப்பிளும் கடைசியில் வேப்பம்பூ ரசம்போல மெல்லிய கசப்பும் எனக்குத் தெரிந்தன. நாரங்கி, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் உலர்திராட்சை, கருப்பட்டி, பிறகு புது மரப்பெட்டியின் வாடை. மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கருப்பட்டி இல்லை, ஏலக்காய் என்றாள் ஒருத்தி. யாரும் யாருக்கும் பயப்படாமல் ஒரு வாடையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வாடையிலிருந்து எதையும் கணிக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஒன்றை அதற்காகவே அறிவது என்றால் இதுதான்.

ஆனால் காலி செய்த பிறகும் மரத்தில் பழைய மது தங்கியிருக்கிறது. அந்த வித்தையின் அடிப்படையே அதுதான். என் மூக்கும் அப்படித்தான். கோப்பையை முகரும்போது நார்த்தங்காய்க்கு அடியில் எங்கள் பழைய வீட்டு வாசலும் இருக்கிறது. அதைக் கழுவிவிட்டுத்தான் சுவைக்க வேண்டும் என்றால், எனக்குச் சுவைக்கத் தெரியாது.

ரசனை நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். 2023 மே மாதம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் ஆட்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மெத்தனாலை மணத்தாலோ ருசியாலோ பிரித்தறிய முடியாது. எவ்வளவு பழகிய மூக்கும் அங்கே தோற்றுப்போகும். அவர்களுக்கும் எனக்கும் நடுவே நின்றது ரசனை அல்ல, பணம். நாங்கள் திறந்த ஒரு புட்டியின் விலை, கரும்பு வெட்டும் ஒரு பெண்ணின் பல நாள் கூலி. ஆகவே "நான் குடிக்கவில்லை, சுவைக்கிறேன்" என்று சொல்லி உயர்ந்து நிற்க எனக்கு இடமில்லை.

சங்கப் பாட்டைத் துணைக்கு அழைக்கலாம். தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அதியமானை நினைத்து ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. மூங்கிலில் முதிர்ந்த தேன் மதுவைக் கானவர்கள் சுற்றத்தோடு அருந்துவதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஓக்குக்கு மாற்றுத் தேடுகிறவர்கள் நம் மூங்கிலையும் பார்க்கலாம்! பெண் குடிப்பது நம் பண்பாட்டில் இல்லாதது என்பவர்களுக்கு இது போதுமான பதில். ஆனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி குடித்தாள் என்பதால் எனக்கு உரிமை வருவதில்லை. அவள் குடிக்காமல் இருந்திருந்தாலும் அது என்னிடமிருந்து போகாது.

அப்படியானால் என் உரிமைக்கு எல்லை எது? டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே செய்கிறது. 2023-24இல் அரசுக்குக் கிடைத்த மது வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தெருமுனைக் கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்காரும் பெண்களுக்கு எதிரே நிற்பது இந்தத் தொகை. "பெண்களே இப்போது குடிக்கிறார்களே" என்று அவர்கள் வாயை அடைக்க என் கோப்பையைச் சாட்சிக்கு இழுக்கிறவர்கள் உண்டு. அந்தச் சாட்சியாக நான் இருக்க மாட்டேன்.

கடையை மூடச் சொல்பவளும் கோப்பையை முகர்ந்து பார்ப்பவளும் கேட்பது ஒன்றுதான்: எந்த வாடை எப்போது என் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். அவள் கேட்டபடி கடை மூடப்பட்டால், எனக்குப் பிடித்த புட்டிக்காக நான் கூடுதலாக ஒரு பஸ் ஏற வேண்டியிருக்கும். அதில் நான் இழப்பது வசதியை மட்டுமே. கடை திறந்தே இருந்தால் அவள் இழப்பது தன் இரவுகளை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சுதந்திரம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் உட்காரும் சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நானும் உட்கார முடியும், எதையும் மறைக்காமல். பக்கத்தில் இடம் தருவதா வேண்டாமா என்பது அவள் முடிவு.