தொண்டரின் பழங்கணக்கு

தொண்டு செய்ய முன்வருவோரை வரவேற்பது பண்பு; அவர்தம் பழைய வாழ்வைத் துருவுவதும் பண்பாகுமா? பிறந்த மண்ணைவிட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நாம் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. சொந்த ஊரில் ஒருவர் யார் மகன், எத்தகையவர் என்பதைத் தெருவே அறியும். இங்கோ, ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க வருபவரைச் சில மாதப் பழக்கத்தால் மட்டுமே அறிவோம். தெரு அறிந்திருந்ததைக் காகிதத்தில் தேட வேண்டியவர்களாகிறோம்.

அத்தேடல் தவறன்று. குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் பணியாளரைக் காவல்துறை வழியே அவ்வப்போது சரிபார்க்க வேண்டுமெனப் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. தொண்டர் ஊதியம் பெறாதவர் என்பதனால் அவ்வெச்சரிக்கையைக் கைவிடலாகாது. குழந்தைக்கு இருவரும் ஆசிரியரே.

ஆயினும் சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் போற்றும் மரபினர் நாம். இருபது வயதில் அடிதடி வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், ஐம்பதாம் வயதில் வெள்ள நிவாரண மூட்டை சுமக்க வந்தால், அப்பழைய வழக்கு நமக்கு எதற்கு? சட்டமே இதனை உணர்ந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு தொடர்வதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, சிறாரின் குற்றப் பதிவேடுகளை உரிய காலத்திற்குப்பின் அழித்துவிடச் சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017-இல் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

ஆகவே நாம் ஆய வேண்டியவை மூன்று: எதைக் கேட்பது, யார் காண்பது, எத்துணைக் காலம் வைத்திருப்பது. பணிக்கேற்பவே கேள்வி அமைதல் வேண்டும். பதிவான வழக்கைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் கூடாது. பொறுப்பேற்ற ஓரிருவர் சான்றினைக் கண்டால் போதும். செயற்குழு முழுவதும் கைமாற வேண்டா. வாட்ஸ்அப் குழுவில் அதன் நிழற்படம் உலவுதல் பெரும்பிழை. நோக்கம் நிறைவேறியதும் தகவலை அழித்தல் வேண்டுமென்பதே 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறியுமாகும்.

குற்றம் ஏதும் பதிவாகாத சான்றிதழும் ஒருவரின் நெஞ்சத்துக்குப் பிணையாகாது. வகுப்பறையில் எப்போதும் பெரியவர் இருவர் இருத்தல் அதனினும் உறுதியான காவல். அதற்கு எவருடைய பழங்கதையும் வேண்டா. நம்முள் மற்றொருவர் தம் ஞாயிற்றுக்கிழமையைத் தந்தால் போதும். பிறர் கடந்த காலத்தைக் கேட்கத் துணியும் நாம், நம் நேரத்தையும் தரத் துணிய வேண்டாமா?