கோடரியால் செதுக்கிய சக்கரம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு கிளைச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் போன் அணைந்துவிட்டது. டீக்கடை முன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். வழி கேட்கக் கூச்சமாக இருந்தது. என் அப்பாவுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. தெரிந்த வழியைக்கூட நிறுத்திக் கேட்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவர் கட்சி.

அன்றிரவு எனக்கு 1907-இல் பீக்கிங்கிலிருந்து பாரிசுக்குக் கார் ஓட்டியவர்களின் நினைவு வந்தது. பாரிஸ் நாளிதழ் ஒன்று விட்ட சவாலை ஏற்று, ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் கிளம்பின. தூரம் சுமார் 15,000 கிலோமீட்டர். பெரும்பகுதிக்குச் சாலை என்று ஒன்று இல்லை. பெட்ரோல் ஒட்டகங்களின் முதுகில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. பீக்கிங்குக்கு வடக்கே மலைப்பாதையில் கூலியாட்கள் கயிறு கட்டி வண்டிகளை இழுத்தார்கள். கோபி பாலைவனத்தில் தந்திக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். ஆகவே அதைத் தொழில்நுட்பமே இல்லாத காலம் என்று சொல்ல மாட்டேன். கம்பி இருந்தது. ஆனால் வண்டி மணலில் புதைந்தால் கம்பி வந்து தள்ளாது.

முதலில் வந்தது இத்தாலியப் பிரபு போர்கேசேயின் ‘இத்தாலா’ கார். கூடவே மெக்கானிக் எத்தோரே குயிஸார்தி, பத்திரிகையாளர் லூயிஜி பார்சீனி. ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வர மேலும் மூன்று வாரம் ஆனது. போர்கேசே கெட்டிக்காரர், திட்டக்காரர், கையில் காசும் உள்ளவர். இருந்தும் சைபீரியாவில் ஒரு மரப்பாலம் முறிந்து கார் பின்பக்கமாக உள்ளே விழுந்தபோது, தூக்கி நிறுத்தியவர்கள் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரயில்வே தொழிலாளர்கள்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கப்புறம் வருகிறது. ரஷ்யாவின் பெர்ம் நகரை நெருங்கும்போது மரச்சக்கரத்தின் ஆரக்கால்கள் ஆட ஆரம்பித்தன. நம் ஊரில் வண்டிச் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவதுபோல, பெர்ம் நகரின் குளியல் கூடத்தில் அதை ஊறப்போட்டார்கள். கொஞ்ச தூரம் தாங்கியது, பிறகு நொறுங்கியது. கடைசியில் ஒரு கிராமத்துத் தச்சர் கோடரி ஒன்றையே முக்கியக் கருவியாகக் கொண்டு புதுச் சக்கரம் செதுக்கிக் கொடுத்தார். மோட்டார் வண்டிக்குச் சக்கரம் செய்து அவருக்கு என்ன பழக்கம் இருந்திருக்கும்? ஆனாலும் சக்கரம் சக்கரம்தானே. இத்தாலா அதில் ஓடியது.

அந்தக் காலத்தில் மனிதர்கள் நல்லவர்கள், இன்று கெட்டுவிட்டார்கள் என்ற பாட்டை நான் பாட வரவில்லை. அதே பந்தயத்தில் ஓகுஸ்த் பொன்ஸ் என்பவர் மூன்று சக்கர வண்டியில் வந்தார். ஒருவருக்கொருவர் துணையாகப் போவது என்றுதான் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். கோபியில் அவருடைய பெட்ரோல் தீர்ந்தபோது மற்றவர்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள். சாகக் கிடந்தவரைக் காப்பாற்றியவர்கள் மங்கோலிய நாடோடிகள். கைவிட்டவர்கள் கூட வந்தவர்கள், கைகொடுத்தவர்கள் முன்பின் அறியாதவர்கள். போர்கேசேயின் வெற்றியைவிட இதுதான் என்னை உறுத்துகிறது.

யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் இன்று ஊர் போய்ச் சேரலாம். அதைச் சுதந்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டீக்கடைக்காரர் வழி சொன்னதோடு, ஓடைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சுற்றிப் போங்கள் என்றார். என் போனுக்கு அது தெரிந்திருக்காது. அதைவிட, அவரிடம் கேட்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த ஊருக்குள் நான் இருந்தேன். மற்ற நேரமெல்லாம் அதன் வழியே போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பொன்ஸ் அடுத்த ஆண்டே, 1908-இல், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் போகும் பந்தயத்துக்குக் கிளம்பினார். முதல் நாளே வண்டி பழுதாகி நின்றது.