உடலுக்கும் உரிமை உண்டு



தேகப்பயிற்சிக் கூடத்தில் முதல் மாதம் வெறியோடு எடை தூக்கி, மறுமாதம் காணாமற்போகும் வாலிபர்களை நாம் காண்கிறோம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வாலிபத்தில் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்து, எளிய அளவைக் கூறினார்கள். அவர்களோ கூடுதலாகக் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பை ஏற்றார்கள். முதுமையிலோ, அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என வருந்தினார்கள்.

இபாதத்துக்கே அளவு உண்டெனில் தேகப்பயிற்சிக்கு இல்லையா? சதை பெருக்க ஊசி போடுவது அமானத்துக்குச் செய்யும் துரோகம். எடை தூக்க விழித்தவன் சுபுஹு ஜமாஅத்தைத் தவறவிடுவது பெருநஷ்டம். குறைவாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது. நிய்யத்தைச் சீராக்கி, முதுமைவரை சுமக்கக்கூடிய அளவை ஏற்போமாக! ஆமீன்.